மட்டை தந்ததும் கை விட்டதும்

வரவையும் செலவையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்க்காத வணிகர், தம் கடை ஆதாயத்தில் நடக்கிறதா நட்டத்தில் நடக்கிறதா என்று சொல்ல இயலாது. விளையாட்டைக் கண்டு களிக்கும் நாமோ பெரும்பாலும் வரவை மட்டும் எண்ணிப் பழகியவர்கள். அடித்தவருக்குக் கை தட்டுகிறோம்; அவர் எடுத்த ஓட்டங்களை மனப்பாடம் செய்கிறோம். அதே ஆட்டக்காரர் களத்தில் நின்றபோது எத்தனை ஓட்டங்களை எதிரணிக்குக் கொடுத்தார் என்று கேட்பவர் சிலரே. இந்தக் கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டு, அதற்கு விடை காணப் பலவாறு முயன்றவர்கள் அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் அன்பர்கள். மட்டையைப் பிடித்தால் இடிபோல் அடித்தும், பந்தைப் பிடிக்கச் சொன்னால் தடுமாறியும் பெயர் பெற்ற சில ஆட்டக்காரர்களைப் பற்றியும், அவர்களை எவ்வாறு மதிப்பிடுவது என்பதைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பேஸ்பால் ஆட்டத்தை அறியாத மாணவர்களுக்காக முதலில் அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணியில் களத்தில் நிற்பவர் ஒன்பது பேர். உட்களம் சாய்த்து வைத்த சதுரம் போன்றது. அதன் நான்கு மூலைகளிலும் தளங்கள் உண்டு. ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 90 அடி தூரம். பந்தெறிபவர் 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் நின்று பந்தை எறிகிறார். அடிப்பவர் கையிலுள்ள மட்டை, கிரிக்கெட் மட்டையைப்போல் தட்டையானது அன்று, உருண்டையான தடி. பந்தை அடித்தவர் மூன்று தளங்களையும் முறையே தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். பந்து எல்லை வேலியைத் தாண்டி விழுமாறு அடித்தால் அதற்கு ‘ஹோம் ரன்’ என்று பெயர். அடித்தவர் மட்டுமன்றி, தளங்களில் முன்பே காத்து நிற்கும் தோழர்களும் அப்பொழுது வந்து சேர்வர். ஆகவே ஓர் அடியில் நான்கு ஓட்டங்கள் வரை கிடைக்கக்கூடும். இத்தகைய அடிகளை மிகுதியாக அடிப்பவரே மக்களின் மனங்கவர்ந்த வீரர்.

கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்கையால் பந்தைப் பிடிக்கிறார்கள். பேஸ்பாலில் ஒன்பது பேரும் ஒரு கையில் அகன்ற தோல் உறை அணிந்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய உறை இருந்தும் பந்தைத் தவற விடுவது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்பட்ட பந்து, 90 அடி தொலைவில் நிற்பவரை ஏறத்தாழ முக்கால் விநாடிக்குள் வந்தடைகிறது. அதற்குள் அது தரையில் மோதித் துள்ளும், திசையும் மாறும். வெளிக்களத்தில் நிற்பவருக்கோ வேறு வகைத் தொல்லை. பந்து மட்டையிலிருந்து கிளம்பிய மறுகணமே அது எங்கே விழும் என்று மதிப்பிட்டு அவர் ஓடத் தொடங்க வேண்டும். கண்ணும் காலும் ஒன்றுபட்டு இயங்காவிட்டால் கையுறையால் பயன் இல்லை.

வலுவாக அடிப்பதற்கு வேண்டிய உடற்கூறு வேறு. விரைந்து குனிந்து, ஓடிப் பிடிப்பதற்கு வேண்டிய உடற்கூறு வேறு. அகன்ற தோளும் கனத்த உடலும் அடிப்பவருக்குத் துணை செய்கின்றன. ஓடும்போது அவையே சுமையாகின்றன. ஆயினும் இது மாற்ற முடியாத விதி என்று எண்ணிவிடக் கூடாது. 660 ஹோம் ரன்கள் அடித்த வில்லி மேஸ், சிறந்த தடுப்பாட்டத்துக்காக அளிக்கப்படும் தங்கக் கையுறைப் பரிசைப் பன்னிரண்டு முறை பெற்றவர். 755 ஹோம் ரன்கள் அடித்த ஹென்றி ஆரனும் அப்பரிசை மூன்று முறை பெற்றார். இரண்டு ஆற்றலும் ஒருவரிடம் அமையலாம். ஆனால் எல்லாரிடமும் அமைவதில்லை.

அமையாதவரை என் செய்வது? 1973-ஆம் ஆண்டுக்கு முன் பெரிய சங்கங்களின் ஆட்டங்களில், மட்டை பிடிக்கிறவர் களத்திலும் நின்றே ஆகவேண்டும் என்பது சட்டம். ஆகவே அணித் தலைவர்கள் இத்தகையவரை ஒளித்து வைக்க இடம் தேடினார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு அகப்பட்ட இடங்கள் இரண்டு: ஒன்று முதல் தளம், மற்றொன்று வெளிக்களத்தின் இடப்புறம். முதல் தளத்தில் நிற்பவர் அதிகம் ஓட வேண்டியதில்லை. மற்றவர்கள் எறிந்து தரும் பந்தை வாங்கிக்கொள்வதே அவருடைய முதன்மையான பணி. இடப்புற வெளிக்களத்தில் நிற்பவர் மூன்றாம் தளத்துக்குப் பந்தை எறிய வேண்டிய தூரம் குறைவு. ஆகவே வலிமை குன்றிய கை அங்கே அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒளித்து வைத்தவரையும் பந்து தேடிக்கொண்டு போகும் என்பதைப் பல அணிகள் பட்டறிந்தன.

முதல் தளத்தில் ஒளிக்கப்பட்டவர்களில் பெரும்புகழ் பெற்றவர் டிக் ஸ்டூவர்ட். 1956-ஆம் ஆண்டில் சிறிய சங்கம் ஒன்றில் லிங்கன் நகர அணிக்காக ஆடியபோது அவர் 66 ஹோம் ரன்கள் அடித்தார். அந்த எண்ணைத் தம் கையெழுத்தோடு சேர்த்து எழுதித் தரும் அளவுக்கு அதில் அவருக்குப் பெருமிதம். 1958-இல் பிட்ஸ்பர்க் அணிக்கு வந்து சேர்ந்தார். 1961-இல் அங்கே 35 ஹோம் ரன்கள் அடித்தார். 1963-இல் பாஸ்டன் அணிக்கு மாறி, அந்த ஓராண்டிலேயே 42 ஹோம் ரன்கள் அடித்தார். தாமும் தோழர்களும் ஓடி வந்து சேருமாறு அவருடைய மட்டை தேடித் தந்த ஓட்டங்கள் 118. அமெரிக்கன் லீக்கில் அவ்வாண்டு அதுவே மிக உயர்ந்த எண்.

இது வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தையும் பார்ப்போம். அதே 1963-ஆம் ஆண்டில் முதல் தளத்தில் அவர் செய்த பிழைகள் 29. 1958 முதல் 1964 வரை ஏழு ஆண்டுகளிலும், தம் சங்கத்து முதல் தளக் காவலர்களுள் பிழைகளின் எண்ணிக்கையில் அவர் முதலிடமோ, முதலிடத்தில் பங்கோ பெற்றார். 1964-இல் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. அப்பெயரின் இறுதியிலுள்ள ‘லவ்’ என்னும் சொல்லைக் கையுறையைக் குறிக்கும் ‘க்ளவ்’ என்று மாற்றி, ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்க்ளவ்’ என்று அவருக்குப் பட்டம் சூட்டினார்கள். அவர் இதற்கெல்லாம் வருந்தியவராகத் தெரியவில்லை. காற்றில் பறந்து வந்த தின்பண்டக் காகிதம் ஒன்றைத் தாம் எட்டிப் பிடித்ததற்குப் பிட்ஸ்பர்க் மக்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள் என்று அவரே நகைச்சுவையோடு சொல்வதுண்டு.

இவருக்கு முன்பே 1930-களில் ஸ்மீட் ஜாலி என்பவர் இருந்தார். சிக்காகோ, பாஸ்டன் ஆகிய நகரங்களின் அணிகளில் வெளிக்களத்தில் நின்றவர். பெரிய சங்கத்தில் அவருடைய அடி விகிதம் .305. அதாவது கணக்கில் சேரும் ஆயிரம் வாய்ப்புகளில் 305 முறை அடித்துத் தளம் சேர்ந்தவர். அது நல்ல ஆட்டக்காரருக்குரிய எண். ஆயினும் நான்கு ஆண்டுகளே அங்கே நிலைத்தார். பாஸ்டன் நகரத்து ஃபென்வே பார்க் மைதானத்தில் அந்நாளில் இடப்புற வேலியை ஒட்டிப் பத்து அடி உயரமுள்ள சரிவு ஒன்று இருந்தது. அதில் ஏறிப் பந்து பிடிக்க அவருக்குப் பயிற்சி அளித்தார்களாம். ஒரு நாள் பந்தை நோக்கி மேலே ஏறினார். பந்து எதிர்பார்த்ததைவிட முன்னதாக விழவே, இறங்கும்போது கால் இடறி உருண்டார். “ஏறுவதற்குக் கற்றுக் கொடுத்தீர்கள், இறங்குவதற்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லையே” என்று அவர் முறையிட்டதாகக் கதை வழங்குகிறது. கதை எவ்வளவு உண்மையோ, அச்சரிவு உண்மை. 1934-இல் மைதானத்தைப் புதுப்பித்தபோது அதன் பெரும்பகுதியை வெட்டிச் சமப்படுத்தினார்கள்.

இக்கதைகளைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் சிரிப்பு ஓர் அளவுகோல் ஆகாது. ஒருவர் ஒரு முறை வேடிக்கையாகப் பந்தைக் கோட்டைவிட்டால், பிறகு அவர் நூறு பந்துகளை ஒழுங்காகப் பிடித்தாலும் அந்த ஒன்றே பேசப்படும். புரூக்ளின் அணியின் பேப் ஹெர்மன் இதற்கு ஒரு சான்று. 1930-இல் .393 என்னும் அரிய அடி விகிதம் பெற்றவர் அவர். உயர வந்த பந்து அவர் தலையில் விழுந்தது என்னும் கதை, அவர் மறுத்த பின்னரும் ஓயவில்லை. ஆகவே நகைப்பை ஒதுக்கிவிட்டு, பிழை என்றால் என்ன, அதை எப்படி எண்ணுகிறார்கள் என்று ஆராய வேண்டும்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் கணக்கு எழுதும் அதிகாரி ஒருவர் இருக்கிறார். சாதாரண முயற்சியால் பிடித்திருக்கக்கூடிய பந்தை ஒருவர் தவற விட்டார், அல்லது தவறாக எறிந்தார் என்று அந்த அதிகாரி கருதினால், அவர் பெயரில் ஒரு பிழை எழுதப்படும். ஆட்டக்காரருக்குக் கிடைத்த வாய்ப்புகளில் பிழையின்றி முடித்தவை எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் தடுப்பு விகிதம் கிடைக்கும். முறை நேர்மையானது போலத் தோன்றுகிறது. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பந்தை நெருங்கியவருக்குத்தான் பிழை. நெருங்காதவருக்குப் பிழையே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஆட்டக்காரர்களின் பக்கமாகத் தலைக்கு 130 பந்துகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் தமக்கு எளிதாக எட்டிய 100 பந்துகளை மட்டும் எதிர்கொண்டு, இரண்டைத் தவற விட்டார். அவருடைய விகிதம் .980. இரண்டாமவர் பாய்ந்தும் புரண்டும் 120 பந்துகளை எட்டி, ஆறைத் தவற விட்டார். அவருடைய விகிதம் .950. ஏட்டில் முதலாமவரே சிறந்தவர். உண்மையில் முதலாமவர் முடித்தவை 98. இரண்டாமவர் முடித்தவை 114. பதினாறு எதிரிகளை அதிகமாக வெளியேற்றியவரை அந்த ஏடு தாழ்ந்தவர் என்கிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. சிக்காகோ அணியின் முதல் தளத்தில் நின்ற ஸீக் போனுரா என்பவர் 1934-இல், தம் முதல் ஆண்டிலேயே 27 ஹோம் ரன்கள் அடித்த பெரிய அடியாளர். மந்தமான கால்களை உடையவர். சற்று விலகிச் செல்லும் பந்தைத் தொட முயலாமல், கையுறையை அசைத்து அதனை வழியனுப்பி வைப்பார் என்று அவரைக் கேலி செய்தார்கள். ஆயினும் 1936-இல் அமெரிக்கன் லீக்கின் முதல் தளக் காவலர்களுள் மிக உயர்ந்த தடுப்பு விகிதம் பெற்றவர் அவரே! தொடாத பந்துக்குப் பிழை இல்லை அல்லவா?

இந்த இடத்தில்தான், மாணவ நண்பர்களே, நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. போனுராவின் தூய்மையான ஏட்டுக்கு விலை கொடுத்தவர் யார்? பந்தெறிபவர். பேஸ்பால் சட்டப்படி, தடுப்பவருடைய பிழையால் விளைந்த ஓட்டங்கள் பந்தெறிபவரின் கணக்கில் சேர்வதில்லை. ‘இது உன் குற்றமன்று’ என்று ஏடு அவரை விடுவிக்கிறது. ஆனால் தடுப்பவர் எட்டாமல் விட்ட பந்து பிழையாகாது; அது அடித்தவரின் திறமை என்று எழுதப்படுகிறது. அதனால் வரும் ஓட்டம் பந்தெறிபவரின் தலையில் விழுகிறது. முயன்று தவறியவர் தம் பெயரில் பழியை ஏற்கிறார்; முயலாதவர் அதனைப் பிறர் பெயருக்கு மாற்றிவிடுகிறார். இந்த வகையில் பார்த்தால், 29 பிழைகளை வெளிப்படையாகச் சுமந்த ஸ்டூவர்ட்டின் கணக்கு, போனுராவின் கணக்கைவிட நேர்மையானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இக்குறையை நீக்கப் பிற்காலத்தார் முயன்றனர். பில் ஜேம்ஸ் என்னும் ஆய்வாளர் 1970-களில் ஒரு புதிய வழியைக் கையாண்டார். எத்தனை பிழை என்று எண்ணுவதைவிட, ஆட்டத்துக்கு எத்தனை முறை எதிரியை வெளியேற்றப் பங்கு கொண்டார் என்று எண்ணுவதே பொருத்தம் என்பது அவருடைய கருத்து. 2015 முதல் அமெரிக்கப் பெரிய சங்கங்களின் மைதானங்கள் அனைத்திலும் கருவிகள் பொருத்தப்பட்டு, பந்தின் வேகமும் ஆட்டக்காரரின் ஓட்டமும் அளக்கப்பட்டன. எட்டாமல் போன பந்தும் அதன் பின்னர் ஏட்டில் ஏறியது.

இத்தகைய கணக்குகளால் மதிப்பு மாறியவர்களுள் ஆடம் டன் ஒருவர். ஆறரை அடி உயரமுள்ள அவர், 2005 முதல் 2008 வரை நான்கு ஆண்டுகளிலும் மிகச் சரியாக ஆண்டுக்கு நாற்பது ஹோம் ரன்கள் அடித்தவர், மொத்தம் 462. 2009-இல் வாஷிங்டன் அணிக்கு 38 ஹோம் ரன்கள் அடித்தார். அவ்வாண்டு அவர் வெளிக்களத்திலும் முதல் தளத்திலும் நின்று விட்டுக் கொடுத்த ஓட்டங்களை ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, மட்டையால் ஈட்டியதில் பெரும்பகுதியைக் கை கரைத்துவிட்டது என்று கண்டார்கள். ஈட்டிய ஓட்டமும் விட்ட ஓட்டமும் ஒரே எடையுள்ளவை. ஆனால் ஒன்று ஆரவாரத்தோடு வருகிறது, மற்றொன்று ஓசையின்றிப் போகிறது.

அப்படியானால் இத்தகையவரை அணியிலிருந்து தள்ளிவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்கு 1940-ஆம் ஆண்டு டெட்ராய்ட் அணியின் வரலாறு சான்று. அங்கே ரூடி யார்க் என்னும் வலிய அடியாளர் இருந்தார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் தடுமாறினார். அவருக்குச் சற்றேனும் பொருந்தியது முதல் தளம். அவ்விடத்திலோ, 1938-இல் 58 ஹோம் ரன்கள் அடித்த ஹாங்க் கிரீன்பர்க் நின்றுகொண்டிருந்தார். கிரீன்பர்க் இயற்கையாகவே சுறுசுறுப்புடையவர் அல்லர். இடைவிடாத பயிற்சியால் முதல் தளத்தில் தேர்ந்தவர். அப்படி உழைத்துப் பெற்ற இடத்தை விட்டு, ஊதிய உயர்வு பெற்றுக்கொண்டு, பழக்கமில்லாத இடப்புற வெளிக்களத்துக்குப் போக இசைந்தார். அங்கும் பந்துக்குப் பந்து பயிற்சி செய்தார். அவ்வாண்டு கிரீன்பர்க் 41 ஹோம் ரன்களும் யார்க் 33 ஹோம் ரன்களும் அடித்தனர். டெட்ராய்ட் அணி அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்றது. மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது கிரீன்பர்க்குக்குக் கிடைத்தது. ஒருவருடைய குறைக்கு மற்றொருவரின் உழைப்பு ஈடு செய்தது. அந்த உழைப்புக்கு உரிய மதிப்பும் அளிக்கப்பட்டது.

எல்லா அணிகளுக்கும் ஒரு கிரீன்பர்க் கிடைப்பதில்லை. 1973-இல் அமெரிக்கன் லீக் சட்டத்தையே மாற்றியது. பந்தெறிபவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க மட்டும் ஒருவரை நியமிக்கலாம். அவர் களத்தில் நிற்க வேண்டியதில்லை. ஓட்டங்கள் குறைந்து, பார்வையாளர் கூட்டமும் மெலிந்திருந்த காலம் அது. 1973 ஏப்ரல் 6-ஆம் நாள் பாஸ்டனில் நியூயார்க் அணியின் ரான் புளும்பர்க் இம்முறையில் முதன்முதலாக மட்டை பிடித்தார். நேஷனல் லீக் நெடுங்காலம் இதனை ஏற்காமல் இருந்து, 2020-இல் ஓராண்டுக்கு மட்டும் ஏற்றது. 2022-இல் நிலையாக ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் இவ்விடத்திலேயே ஆடிய எட்கார் மார்ட்டினெஸ் 2019-இலும், 541 ஹோம் ரன்கள் அடித்த டேவிட் ஆர்ட்டிஸ் 2022-இலும் புகழ் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஸ்டூவர்ட்டும் ஜாலியும் முன்னதாகப் பிறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இச்சட்டத்தை எதிர்த்தவர்கள், அடிப்பதும் தடுப்பதும் ஒருவருக்கே உரிய கடமை என்னும் பழைய அழகு குலைந்தது என்றார்கள். ஆதரித்தவர்கள், ஒன்றில் வல்லவருக்கு அந்த ஒன்றைச் செய்ய இடம் கொடுப்பதே முறை என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நான் இரண்டாம் கருத்துக்குச் சற்று அருகில் நிற்கிறேன். தெரியாத வேலையில் ஒருவரை நிறுத்தி, அவர் தடுமாறுவதைக் கண்டு சிரித்து, அத்தடுமாற்றத்தின் சுமையைப் பந்தெறிபவர் மீது ஏற்றுவதைவிட, அவருக்கு ஏற்ற வேலையை வெளிப்படையாகக் கொடுத்துவிடுவது அணிக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. ஆனால் அப்படிக் கொடுக்கும்போது, அவர் ஒரு பக்கத்துக்கே பொறுப்பேற்றவர் என்பதையும் ஏட்டில் எழுத வேண்டும். இரண்டு பக்கமும் உழைக்கும் மேஸைப் போன்றவரோடு ஒப்பிடுகையில் அதை மறக்கக் கூடாது.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ அடுத்த முறை ஓர் ஆட்டம் நடக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். அது கிரிக்கெட்டாக இருந்தாலும் சரியே. ஒரு தாளை எடுத்து, பிடித்த பந்துகளையும் விட்ட பந்துகளையும் மட்டுமல்லாமல், ஓடியிருந்தால் எட்டியிருக்கக்கூடிய பந்துகளையும் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே குறித்து வாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அத்தாளை ஓட்டக் கணக்கோடு ஒப்பிடுங்கள். அன்று நன்றாகப் பந்தெறிந்தும் பழி சுமந்தவர் யார் என்பது உங்களுக்குப் புலப்படும். அவரிடம் போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.